ஆளைக் காணோமே

சத்திரம் பேருந்து நிலையத்தில் என் ஆயுளில் பாதி கழிந்திருக்கிறது. 1986இல் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராகச் சேர்ந்து 2017இல் ஓய்வு பெற்றேன். அந்த 31 வருடத்தில் பெரும்பகுதி ஸ்ரீரங்கத்துக்கும் ஜங்ஷனுக்கும் நடுவே ஓடும் டவுன் பஸ்தான். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கெல்லாம் ஓய்வு; பஸ்காரனுக்கு அன்றைக்குத்தான் கூட்டம். பெருமாளைச் சேவிக்க வருகிறவர்கள், உச்சிப்பிள்ளையாருக்கு ஏறப் போகிறவர்கள், என்.எஸ்.பி. ரோட்டில் துணி எடுக்கப் போகிறவர்கள் என்று படிக்கட்டு வரைக்கும் ஆள் நிற்கும். வார ஓய்வு எனக்கு ஞாயிறில் விழுந்தது மிக அபூர்வம்.

ஆனால் காலை டிபனுக்கு விடுவார்கள். இருபது, இருபத்தைந்து நிமிடம். வண்டி சத்திரத்தில் வந்து நின்றதும் டைம் கீப்பரிடம் சொல்லிவிட்டு, தோல் பையைத் தோளில் மாட்டியபடியே ஓட்டமும் நடையுமாகக் கிளம்புவேன். புனித வளனார் கல்லூரிப் பக்கம் நடந்தால் லூர்து மாதா கோயிலின் கூர்க்கோபுரம் முன்னால் வந்து நிற்கும். பிரான்சில் உள்ள லூர்து நகரத்துக் கோயிலின் சாயலில் சேசு சபைச் சாமியார்கள் 1890களில் எழுப்பிய கோயில் அது. படம் எடுக்க வருகிறவர்கள் கோபுரத்தையும் கண்ணாடி ஓவியங்களையும் எடுத்துக்கொண்டு போவார்கள். எனக்கு அந்தக் கோயிலில் நன்றாகத் தெரிந்த இடம் பின்பக்கக் கதவும் கடைசி பெஞ்சும்தான்.

சில ஞாயிறு வாசகமும் பிரசங்கமும் கிடைக்கும், நன்மை வாங்க நேரம் இருக்காது. சில ஞாயிறு நன்மை கிடைக்கும், பிரசங்கம் முடிந்துபோயிருக்கும். கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: நன்மை என்று நாங்கள் வீட்டுப் பேச்சில் சொல்வது நற்கருணையை. பூசையில் அப்பமும் இரசமும் இயேசுவின் உடலும் இரத்தமும் ஆகின்றன என்பது எங்கள் விசுவாசம். அந்த அப்பத்தை வாயிலோ கையிலோ வாங்குவதுதான் நன்மை வாங்குவது. பிள்ளை முதல்முறை வாங்கினால் புதுநன்மை; அன்றைக்கு வீட்டில் கல்யாணக் களைதான்.

பூசையை அரைகுறையாகப் பார்த்துவிட்டு ஓடுவது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் ஒருமுறை சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த சாமியார், “உனக்குக் கிடைக்கிற இருபது நிமிஷத்தோட வா. நின்னுடாதே” என்றார். திருச்சபைச் சட்டம் ஞாயிறு பூசையைக் கடமை என்றே சொல்கிறது. ஆனால் நோயில் கிடப்பவர், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்பவர், தவிர்க்க முடியாத வேலையில் மாட்டிக்கொண்டவர் ஆகியோரை அது குற்றவாளி ஆக்குவதில்லை. இது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. அன்றைக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

கடைசி பெஞ்சில் ஒரு பெரியவர் உட்காருவார். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். என் காக்கிச் சட்டை கதவில் தெரிந்ததும், திரும்பிக்கூடப் பார்க்காமல், பெஞ்சில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு நகர்ந்துகொள்வார். பல வருடம் எங்களுக்குள் இருந்த பழக்கம் அவ்வளவுதான். பேர் கேட்டுக்கொண்டது மிகவும் தாமதமாக.

எங்கள் அம்மா ‘பூசை காண’ப் போகிறேன் என்றுதான் சொல்வாள். ‘இன்னிக்குப் பூசை கண்டியா?’ என்பதுதான் ஞாயிறு மதியச் சோற்றுக்கு முன்னால் வரும் கேள்வி. அந்தச் சொல்லில் ஒரு வரலாறு இருக்கிறது. அவள் சிறுமியாக இருந்தபோது பூசை லத்தீனில் நடந்தது. சாமியார் சனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பீடத்தைப் பார்த்து ஓதுவார். சனங்களுக்கு ஒன்றும் புரியாது. பெண்கள் தரையில் உட்கார்ந்து செபமாலை உருட்டுவார்கள், பிரியதத்த மந்திரம் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். மணி அடித்ததும் தலை நிமிரும். சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் அந்தக் கணத்தைக் கண்ணால் கண்டுவிட்டால் பூசை கண்டாயிற்று.

ரோமில் 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதை மாற்றியது. 1963 டிசம்பர் 4ஆம் தேதி வெளியான வழிபாட்டு ஏடு, மக்கள் கோயிலில் சும்மா நின்று பார்க்கக் கூடாது, பூசையில் அவர்களுக்கும் வேலை உண்டு என்று தீர்த்துச் சொன்னது. அதற்குப் பிறகுதான் தமிழ் வந்தது, சாமியார் எங்களைப் பார்த்துத் திரும்பினார், எங்களில் ஒருவர் எழுந்து போய் வாசகம் வாசித்தார். ‘பூசை காணுதல்’ என்ற சொல் போய்த் ‘திருப்பலியில் பங்கெடுத்தல்’ வந்தது. அம்மா கடைசி வரை பழைய சொல்லைத்தான் சொன்னாள். எனக்கும் நாக்கில் அதுதான் நிற்கிறது.

பங்கெடுப்பது என்றால் என்ன என்பதைப் பூசை நடக்கும் விதத்திலேயே பார்த்துவிடலாம். குருவானவர் வாழ்த்தினால் சனங்கள் பதில் வாழ்த்துச் சொல்ல வேண்டும். ஆள் இல்லாவிட்டால் அந்த வாழ்த்து அந்தரத்தில் நிற்கும். வாசகம் வாசிக்க ஓர் ஆள், பாட்டுக்கு ஓர் ஆள், மணி அடிக்கப் பீடச் சிறுவன். அப்பமும் இரசமும் பின்வாசல் பக்கமிருந்து சனங்களின் கை வழியாகவே பீடத்துக்குப் போகும். சமாதானம் சொல்லும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கைகூப்ப வேண்டும். அந்தப் பக்கத்து ஆள் யாராக இருப்பார் என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. எனக்குப் பல வருடம் அது மார்க்கெட் பெரியவர். அவர் கை விரல்கள் முழுக்க நீளாது. சாக்குக் கொக்கி பிடித்துப் பிடித்து வளைந்துபோனவை.

பூசை முடிகிற நேரத்து அறிவிப்புகளும் எனக்கு முக்கியம்தான். கல்யாண ஓலை வாசிப்பார்கள்: இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. மூன்று முறை வாசிப்பது பழைய முறை. ஊர் கூடி உட்கார்ந்து காதால் கேட்க வேண்டும் என்பதற்காகவே ஏற்பட்ட ஏற்பாடு அது. அப்புறம் யார் வீட்டில் சாவு, யாருக்கு ரத்தம் வேண்டும், எந்த அன்பியத்தில், அதாவது எந்தத் தெருக் குடும்பக் குழுவில், இந்த வாரம் செபக்கூட்டம். வாசலில் நின்று பேசும் பேச்சில் வாடகை வீடு அமையும், பெண்ணுக்கு வரன் அமையும். பழைய சட்டை போட்டுக்கொண்டு ஓரமாக நிற்கிற குடும்பத்தைப் பார்த்துத்தான் வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் இரண்டு தெரு தள்ளி அரிசியோடு போய் நிற்பார்கள்.

இனி, வீட்டிலிருந்தே பார்க்கிற டிவி பூசைக்கு வருகிறேன். நானும் அதில் இருந்தவன். உலகத்தில் முதன்முதலாகப் பூசையை டிவியில் காட்டியது 1948 கிறிஸ்துமஸ் நள்ளிரவில், பாரிஸின் நோத்ர் தாம் கோயிலிலிருந்து. டிவிக்குப் பாதுகாவலியாக ஒரு புனிதை இருப்பது பலருக்குத் தெரியாது: அசிசி நகரத்துக் கிளாரம்மாள். 1253இல் இறந்தவர். நோயில் படுத்திருந்த ஒரு கிறிஸ்துமஸ் இரவு, கோயிலுக்குப் போக முடியவில்லையே என்று ஏங்கியபோது, தூரத்துக் கோயிலில் நடந்த வழிபாடு அவர் அறையிலேயே காட்சியாகத் தெரிந்தது, பாட்டும் கேட்டது என்பது மரபு. அதை வைத்துத்தான் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1950களில் அவரை டிவிக்குப் பாதுகாவலி ஆக்கினார். எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி. டிவி பூசை யாருக்கானது என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. எழுந்து நடக்க முடியாமல், போக வேண்டுமே என்று ஏங்கிக்கொண்டு படுத்திருப்பவருக்கானது. என் அம்மாவின் கடைசி இரண்டு வருடம் மாதா டிவி இல்லாமல் எப்படிப் போயிருக்கும் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்து எல்லோருமே அப்படி ஆகிவிட்டோம். அந்த வருடம் குருத்து ஞாயிறு ஏப்ரல் 5, ஈஸ்டர் ஏப்ரல் 12. இரண்டுக்கும் கோயில் பூட்டு. ரோமில் பாப்பரசர் பிரான்சிஸ் மார்ச் 27ஆம் தேதி மழையில், ஆளே இல்லாத பேதுரு சதுக்கத்தில் நின்று ஆசீர் கொடுத்ததை என் மனைவியோடு போனில் பார்த்தேன். அவள் அழுதாள். அவரே அடுத்த மாதம் ஒரு மறையுரையில், திரையில் கூடுவது இக்கட்டுக் காலத்து ஏற்பாடு, இதையே திருச்சபை என்று எண்ணிப் பழகிவிடக் கூடாது என்ற கருத்தில் எச்சரித்தார். அன்றைக்கு அது எங்கள் காதில் ஏறவில்லை.

தமிழ்நாட்டில் செப்டம்பர் 1ஆம் தேதி எல்லா வழிபாட்டு இடங்களையும் திறந்தார்கள். அடுத்த ஏப்ரலில் மறுபடி மூடினார்கள். 2021 மே மாதம் என் மனைவி போய்விட்டாள். அடக்கத்துக்கு நாங்கள் ஆறு பேர். முப்பதாம் நாள் பூசையைப் பூட்டிய கோயிலுக்குள் சாமியார் தனியாக வைத்தார். நான் ஸ்ரீரங்கத்தில், மேலூர் ரோட்டுப் பக்கத்து வீட்டில், போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். கடைசியில் அவள் பெயரைச் சொன்னபோது வீடியோ நின்று சுற்ற ஆரம்பித்தது.

ஜூலையில் கோயில் திறந்தது. ஆகஸ்டு முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் மூடியிருந்தது. அதற்கப்புறம் தடை இல்லை; 2022 தொடக்கத்தில் சில வாரம் தவிர. நான் போகவில்லை. காரணத்தை ஒளிக்காமல் எழுதுகிறேன். எங்கள் கோயில்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று உட்காரும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு நானும் அவளும் ஒன்றாகப் போய், வாசலில் பிரிந்து, அவரவர் பக்கம் உட்காருவோம். நன்மை வாங்கித் திரும்பும்போது அவள் எங்கே இருக்கிறாள் என்று என் கண் தேடும். தூணுக்குப் பக்கத்தில், மூன்றாவது வரிசை. அந்த இடத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. டிவியில் அந்தத் தூண் இல்லை. வேளாங்கண்ணிப் பூசை, சாந்தோம் பூசை, எது வேண்டுமானாலும் கட்டிலில் உட்கார்ந்தபடி பார்க்கலாம். பிரசங்கம் நன்றாக இல்லாவிட்டால் வேறு கோயிலுக்கு மாற்றலாம். நானும் மாற்றினேன்.

ஒன்றரை வருடம் அப்படிப் போயிற்று. முதலில் பூசை நேரத்தில் குளித்து வேட்டி கட்டி உட்கார்ந்தேன். பிறகு லுங்கியோடு. பிறகு காப்பித் தம்ளரோடு. பிறகு, மதியம் யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். சில வாரம் பார்க்கவே இல்லை. விசுவாசம் குறைந்துவிட்டதாக நான் அப்போது நினைக்கவில்லை. செபம் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

எதிர்வீட்டு மாமியிடம் ஒரு கேள்வி கேட்டது இந்தக் காலத்தில்தான். வைகுண்ட ஏகாதசி வந்தால் அவர் இரவு முழுக்கத் தூங்க மாட்டார். விடியற்காலைக் குளிரில், வாசல் திறப்பதற்குப் பல மணி நேரம் முன்னால் போய்க் கூட்டத்தில் நிற்பார். முழங்கால் வலிக்காரர். “ஏன் மாமி இந்த அவஸ்தை? டிவியில நேரலையாக் காட்டறாங்களே. கூட்டத்துல தெரியாததுகூட அதுல நல்லாத் தெரியுமே” என்றேன்.

“கண்டக்டர் சார், நான் பெருமாளைப் பாக்கறது டிவியிலயும் ஆகும். அவர் என்னைப் பாக்க வேண்டாமோ?” என்றார்.

அந்தப் பதிலை நான் பல நாள் மனத்தில் உருட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் நம்பிக்கையில் ஆண்டவர் என்னை வீட்டிலும் பார்க்கிறார், பஸ்ஸிலும் பார்க்கிறார். அதில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. அப்படியானால் என்னைப் பார்க்காமல் இருப்பது யார்? அதற்குப் பதில் அடுத்து வந்த ஜனவரியில் என் வீட்டு வாசலுக்கே வந்தது.

2022 நவம்பரில் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடினார்கள், மார்ச்சில்தான் திறந்தார்கள். மாம்பழச்சாலைக்கும் அண்ணா சிலைக்கும் நடுவே கண்ணெதிரே இருக்கிற தூரத்துக்கு பஸ் ஊரைச் சுற்றிப் போயிற்று. எனக்கு அது சௌகரியமான சாக்கு: பாலமே இல்லை, கோயிலுக்கு எப்படிப் போவது? அப்படி ஒரு ஞாயிறு மதியம், கதவைத் தட்டுகிற சத்தம். திறந்தால் கடைசி பெஞ்சுப் பெரியவர். சுற்றிப் போகிற பஸ்ஸில் ஏறி, இறங்கி, விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார். என் முழுப் பெயர் அவருக்குத் தெரியாது. ‘டவுன் பஸ் கண்டக்டர், கிறிஸ்தவங்க வீடு’ என்று கேட்டுக்கொண்டே வந்தாராம். கையில் ஒரு மஞ்சள் பை. அதில் கோயிலில் வருடா வருடம் அச்சடிக்கிற காலண்டர்.

“தீந்துபோயிடும்னு உனக்கு ஒண்ணு எடுத்து வெச்சேன் தம்பி. போன வருஷத்துதும் வெச்சிருந்தேன். ஆளைக் காணோமேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். இடம் விட்டுத்தான் உக்காந்திருக்கேன்.”

எனக்குப் பேச்சு வரவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காப்பி போட்டேன். அவள் போனது அவருக்குத் தெரிந்திருந்தது. அறிவிப்பில் கேட்டாராம். சுவரில் இருந்த அவள் படத்தின் முன்னால் நின்று வளைந்த விரலால் சிலுவை போட்டுக்கொண்டார்.

பூசை காண என்று அம்மா சொன்ன சொல்லை அன்றைக்கு வேறு மாதிரிக் கேட்டேன். ஒன்றரை வருடம் நான் பூசை கண்டுகொண்டுதான் இருந்தேன், நல்ல காமிராவில், நல்ல வெளிச்சத்தில். அந்தச் சாமியாரும் பாடகர்களும் என்னைக் காணவில்லை. நான் இல்லை என்பதும் அவர்களுக்குத் தெரியாது. என்னைக் ‘காணோமே’ என்று சொல்ல உலகத்தில் ஒரு பெஞ்சில்தான் ஆள் இருந்தது. அந்தச் சொல் ஒருவர் வாயில் வர வேண்டும் என்றால், அதற்கு முன்னால் நான் பல ஞாயிறு அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு போனேன். தூணுக்குப் பக்கம் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வந்த பிறகு இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கூட்டத்துக்கு வராமல் நின்றுபோகிறவர்கள் முதல் நூற்றாண்டிலேயே இருந்திருக்கிறார்கள். எபிரேயருக்கு எழுதிய திருமுகத்தின் 10ஆம் அதிகாரம் அவர்களைப் பற்றிக் கவலைப்படுகிறது. சபை என்ற சொல்லே கூடிய ஆட்களைக் குறிப்பது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான எக்லேசியாவுக்கும் அதுதான் பொருள். கத்தோலிக்கர் கோயிலுக்குப் போகிறோம் என்கிறோம், சி.எஸ்.ஐ.காரர்கள் ஆலயத்துக்கு, பெந்தெகோஸ்தேகாரர்கள் சபைக்கு. இந்த ஒரு விஷயத்தில் பெந்தெகோஸ்தே நண்பர்களின் பேச்சு வழக்குத்தான் மூலத்துக்குக் கிட்டே இருக்கிறது.

ரோமில் கி.பி. 155 வாக்கில் யுஸ்தீன் என்பவர் ஞாயிறு கூட்டம் எப்படி நடக்கும் என்று எழுதிவைத்திருக்கிறார். நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடுவார்கள். வாசிப்பு, பிரசங்கம், செபம், அப்பம். பிறகு ஒரு சிறு குறிப்பு: வர முடியாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் அப்பத்தை எடுத்துப் போவார்கள். எனக்கு அந்த இடத்தில் கண் நின்றுவிட்டது. யாருக்கு எடுத்துப் போக வேண்டும் என்று தெரிய, யார் வரவில்லை என்று முதலில் தெரிய வேண்டும் அல்லவா? 304இல், இன்றைய துனிசியா நாட்டில் அபிதினே என்ற ஊரில், அரசன் தடையை மீறி ஒரு வீட்டில் ஞாயிறு வழிபாட்டுக்குக் கூடிய 49 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவரவர் வீட்டில் செபித்திருந்தால் உயிர் பிழைத்திருப்பார்கள். ஞாயிறு கூடாமல் எங்களால் இருக்க முடியாது என்பதுதான் விசாரணையில் அவர்கள் சொன்னதன் சாரம்.

நம் பக்கத்துக் கதை இலங்கையில் இருக்கிறது. 1658இல் டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்து குருக்களை வெளியேற்றினார்கள். கிட்டத்தட்ட முப்பது வருடம் பூசை இல்லை. சனங்கள் வீட்டுக்குள் செபம் சொல்லிப் பிழைத்தார்கள். 1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் என்ற குரு கூலியாள் வேடத்தில் வந்து இறங்கினார். யார் கத்தோலிக்கர் என்று கேட்டு விசாரிக்க முடியாது. கேட்டால் இருவருக்கும் ஆபத்து. அவர் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். செபமாலையைக் கண்டு முகம் மாறுகிற வீடு எது என்று பார்த்தார். அப்படித்தான் ஆட்களைக் கண்டுபிடித்து, சில்லாலையில் தங்கி, இராவோடு இராவாகப் பூசை வைத்தார். 1711இல் கண்டியில் இறந்தார். 2015 ஜனவரியில் கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். வீட்டுச் செபம் அந்தச் சனங்களின் விசுவாசத்தைக் காப்பாற்றியது உண்மை. அவர்கள் காத்திருந்தது ஆள் வருவதற்காக என்பதும் உண்மை.

அதே இலங்கையில் 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் காலை. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம்: மூன்றிலும் குண்டு வெடித்தது. ஓட்டல்களில் இறந்தவர்களையும் சேர்த்து 250க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மட்டக்களப்பில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் அதில் உண்டு. அடுத்த ஞாயிறு கோயில்கள் பூட்டியிருந்தன. கர்தினால் மால்கம் ரஞ்சித் தன் இல்லத்திலிருந்து டிவியில் பூசை வைத்தார். சில வாரங்களில், பைகளைச் சோதித்து உள்ளே விட, சனங்கள் திரும்பி வந்தார்கள். அந்தப் பெஞ்சுகளுக்கே வந்தார்கள். ஒரு தூணைப் பார்க்கத் துணிவில்லாமல் ஒன்றரை வருடம் வீட்டில் இருந்த நான் அதை நினைக்கும்போதெல்லாம் தலை குனிகிறேன்.

நேரில் போவது எதற்கு என்று சொல்கிற ஒரு சமாதி நம் திருச்சியிலும் இருக்கிறது. கண்டோன்மென்ட் பக்கத்துப் புனித யோவான் ஆலயத்தில் பிஷப் ரெஜினால்ட் ஹீபர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கல்கத்தா பிஷப்பாக இருந்தவர். இந்தியா முழுக்க அவர் பொறுப்பு. 1826 ஏப்ரல் 3, திங்கட்கிழமை விடியற்காலையில் கோட்டைக்குள் இருந்த மிஷன் கோயிலுக்குப் போய், தமிழ் ஆராதனையில் கலந்துகொண்டு, தமிழ்ச் சனங்களுக்குத் திடப்படுத்தல் என்னும், விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கைச் செய்தார். அந்தக் கோயில் 1766இல் ஸ்வார்ட்ஸ் ஐயர் கட்டியது. வெயில் ஏறத் திரும்பிப் போய்க் குளிக்க இறங்கியவர் தண்ணீரிலேயே இறந்து கிடந்தார். வயது 42. கல்கத்தாவிலிருந்து அவ்வளவு தூரம் அந்தக் காலத்தில் ஏன் வர வேண்டும்? திடப்படுத்தலுக்கு பிஷப் தலையில் கை வைக்க வேண்டும். கடிதத்தில் கையை அனுப்ப முடியாது.

கோயில் என்றாலே எல்லோரையும் அணைத்துக்கொண்ட இடம் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். அம்மா பிறந்த ஊர்க் கோயிலில் எங்கள் தெருக்காரர்களுக்கு ஓரத்துச் சிறகில்தான் இடம். நன்மை வாங்கவும் கடைசியில்தான் போக வேண்டும். அவள் அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும். நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலில் சாதிக்கொரு பக்கம் வைத்து நடுவே சுவரும் இருந்தது. 1910இல்தான் அதை இடித்தார்கள். 1833இல் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூர்ப் பக்கத்தில் எத்தனையோ பேர் சேர்ந்து உட்காருவதைவிட வராமல் இருப்பதே மேல் என்று நின்றுவிட்டார்கள். நம்மூர் மேலப்புதூர்க் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவே நிற்கும் சுவரைப் பற்றிப் பேப்பரில் எத்தனை முறை படித்துவிட்டோம்.

இதைச் சொல்லி, வீட்டிலேயே இருந்துவிடலாமே என்று என் தங்கை மகன் கேட்கிறான். படித்த பையன், கோபமும் நியாயமானதுதான். எனக்கு அவன் முடிவு சரியாகப் படவில்லை. டிவி பூசையில் சுவர் இல்லை என்பது உண்மை. பக்கத்தில் ஆளும் இல்லை. வடக்கன்குளத்துச் சுவரை இடிக்கவும் அந்தக் கோயிலுக்குள் ஆட்கள் இருக்க வேண்டியிருந்தது. அம்மா ஓரத்துச் சிறகிலிருந்து எழுந்து போகவில்லை. திருச்சிக்குக் கல்யாணமாகி வந்து, லூர்து மாதா கோயிலில் நடுவில் போய் உட்கார்ந்தாள். “இங்க யாரும் எந்திரிக்கச் சொல்லலைங்க” என்று அப்பாவிடம் வந்து சொன்னாளாம்.

மார்க்கெட் பெரியவருக்குப் போன வருடம் இடுப்பு எலும்பு முறிந்தது. இனி அவரால் வர முடியாது. வரகனேரிப் பக்கம், மகள் வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில் கட்டில். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை நற்கருணையை எடுத்துக்கொண்டு அருட்சகோதரி ஒருவர் போவார். சின்ன உலோகச் சிமிழில் அப்பம், கழுத்தில் தொங்கும் பையில். நான் துணைக்குப் போகிறேன். மகள் ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருப்பாள். அவர் வீட்டிலும் டிவி பூசை ஓடுகிறது. அவருக்கு அது ஆறுதல், அதை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நன்மை வாங்கி, கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, கண் திறந்ததும் அவர் என்னிடம் கேட்பது டிவியில் கிடைக்காத செய்தி.

“யார் யாரு வந்திருந்தா?”

நான் பெஞ்சு பெஞ்சாகச் சொல்வேன். புதிதாகத் திடப்படுத்தல் வாங்கிய பையன்கள், ஓலை வாசித்த கல்யாணம், பாட்டுக் குழுவில் சேர்ந்த நர்சுப் பெண், தூணுக்குப் பக்கத்துக் குழந்தை இப்போது நடக்க ஆரம்பித்துப் பீடத்துப் படி வரை ஓடிவிட்டது. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுவார்.

போன வாரம் எல்லாம் கேட்டுவிட்டு, “வெத்தலைக்காரம்மா?” என்றார்.

பெண்கள் பக்கத்தில் பின்வாசலை ஒட்டி உட்காருகிற அம்மாள். மார்க்கெட்டில் அவருக்குப் பக்கத்துக் கடை. நான் யோசித்துப் பார்த்தேன். வந்தார்களா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கவனிக்கவில்லை.

“பாக்கலைங்கய்யா.”

அவர் முகம் வாடிவிட்டது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக் கொஞ்சம் நிமிர்ந்தார்.

“இந்த ஞாயித்துக்கிழமை பாரு தம்பி. இல்லேன்னா வீடு எங்கன்னு நான் சொல்றேன்.”